ஒற்றைக் கொம்பு ஆடு வீட்டுக்குப் போனதா?

பிள்ளைகள் உட்காரும் சின்னக் கதிரையில் அண்மையில் உட்கார்ந்து பார்த்தீர்களா? நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன், காலையில் பிரஷர் குளிசை போடுகிறவர்களை. உட்காருவது பெரிய காரியமில்லை. உடம்பு தானாகவே கீழே போய்விடும். எழும்புவதுதான் பாடு. போன கிழமை நான் அப்படி ஒரு கதிரையில், மட்டையில் வெட்டிய ஒற்றைக் கொம்பைத் தலையில் கட்டிக்கொண்டு, முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட, ஒரு வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

வாசிப்பு மாதமாம். சின்ன மகளின் வகுப்பு டீச்சர் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் தகவல் போட்டிருந்தார். பெற்றோரில் ஒருவர் ஏதாவதொரு கதைப் புத்தகத்தில் வரும் பாத்திரமாக வேடம் போட்டு வரவேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அந்தப் பாத்திரமாகவே இருந்து பதில் சொல்ல வேண்டும். அப்பாமார் எல்லோரும் அந்த நேரம் பார்த்து ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். என் மனைவி குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட பேரைக் குடுத்திட்டன்."

"எனக்கு வேலை இருக்கப்பா."

"என்ன வேலை? எந்த நேரமும் பகிடிதானே விடுறியள். அதைக் கொண்டுபோய் அங்க விடுங்கோ. நாங்கள் ஒரு நாளைக்கெண்டாலும் ஆறுதலா இருப்பம்."

என்ன பாத்திரமாக வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டு எழுதினார். எனக்குப் பதற்றம் வந்தால் விரல் மூளையிடம் கேட்காது. 'ஆடு' என்று அடித்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. எந்தப் புத்தகத்து ஆடு என்று கேட்டால்? அந்தப் புத்தகத்தின் பெயர் எனக்குத் தெரியாது. அதை நான் வாசித்ததும் இல்லை. ஆனாலும் அந்த ஆட்டை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்களாக அது என்னோடுதான் வயதுபோய்க்கொண்டிருக்கிறது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. யன்னல் கம்பிகளைத் தொட்டால் துரு கையில் வரும். நாக்கில் வைத்தால் உப்பு. ஏன் நாக்கில் வைத்தாய் என்று கேட்காதீர்கள், நீங்களும் வைத்திருப்பீர்கள். கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் பாடம் நின்றுவிடும். சொல்லிக்கொண்டிருந்த சொல்லை வாயில் வைத்தபடியே டீச்சர்மார் சிலைபோல நிற்பார்கள். கோச்சி போனதும் அதே சொல்லில் இருந்து தொடங்குவார்கள். கேள்வி என் பக்கம் வரும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு கோச்சிக்காகக் காத்திருப்பேன். வேண்டிய நேரத்தில் அது வந்ததாக எனக்கு அதிகம் ஞாபகமில்லை.

நூலகம் என்று ஓர் அறை அங்கே கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. அதுதான் நூலகம். அதன் பூட்டின் திறப்பு அலுமாரி மிஸ்ஸின் சேலை இடுப்பில் ஊசி குத்தி இருக்கும். அவர் சமயம் படிப்பித்தவர். ஆனாலும் சமய மிஸ் என்று யாரும் சொன்னதில்லை. வருடத்துக்கு ஒருமுறை பொருட்களைக் கணக்கெடுக்கக் கல்வித் திணைக்களத்தில் இருந்து ஆட்கள் வருவார்கள். அதைச் 'சேர்வே' என்பார்கள். உடைந்த மேசை, காலில்லாத கரும்பலகை, வலையில்லாத வலைப்பந்துக் கம்பம் எல்லாம் அன்றைக்கு எண்ணப்படும். புத்தகங்களும் எண்ணப்படும். ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அலுமாரி மிஸ். ஆகவே அவர் மிகச் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். புத்தகத்தை யாருக்கும் கொடுப்பதில்லை.

எங்களுக்கும் அதில் குறை இருந்ததாகச் சொல்ல முடியாது. அலுமாரிக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்வோம். நூலகத்தால் நாங்கள் பெற்ற பயன் அதுதான்.

தமிழ் மிஸ் பிள்ளைப்பேற்று லீவில் போனபோது அவருடைய இடத்துக்குப் புது மிஸ் வந்தார். ஹெந்தளையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவார். காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே ஒரு நாள் முழுக்க வேலை செய்து முடித்த ஆளைப்போல இருப்பார். கதிரையில் உட்கார்ந்து, செருப்பில் இருந்து பாதத்தை அரைவாசி வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா நீங்க வாசிச்ச புத்தகம் என்ன?"

"சமயப் புத்தகம் மிஸ்."

"பாடப் புத்தகம் இல்ல. கதைப் புத்தகம்."

நான் எழும்பி, "மிஸ், சமயப் புத்தகத்திலயும் கதை இருக்கு மிஸ்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் விட்டுவிடவில்லை. நேரே அலுமாரி மிஸ்ஸிடம் போனார். நாங்கள் யன்னலால் எட்டிப் பார்த்தோம்.

"சேர்வே முடியட்டும் மிஸ், அதுக்குப் பிறகு பாப்பம்."

"சேர்வே எப்ப மிஸ்?"

"அது அவை வரேக்கதான் தெரியும்."

"போன வருசம் சேர்வே முடிஞ்ச பிறகு குடுத்தீங்களா?"

"முடிஞ்ச உடன அடுத்த சேர்வே வந்திடுமல்லோ."

புது மிஸ் திரும்பி வந்தார். பிறகு எங்கள் எல்லோரையும் வரிசையாக மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

"புத்தகத்தைத் திறக்க ஏலாது. முதுகைப் பாக்க ஏலும்தானே? ஆளுக்கொரு புத்தகத்தைப் பிடிங்க. முதுகை மட்டும் பாத்து உள்ளுக்கு என்ன கதை எண்டு யோசிங்க. நாளைக்கு வந்து சொல்லுங்க. பிழை, சரி எண்டு யாரும் சொல்லப் போறதில்ல. யாரும் வாசிச்சிருந்தாத்தானே!"

கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வகுப்பே நின்றது. மூச்சு பட்டுக் கண்ணாடி புகைந்தது. சட்டைக் கையால் துடைத்தோம். திரும்பவும் புகைந்தது. அதற்குள் அப்படி ஒரு நிறக் கூட்டம் இருந்தது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாட்டுவண்டிப் படம் போட்ட முதுகு, பாம்பு சுற்றிய கிணறு, ஒன்றுமே இல்லாத கறுப்பு முதுகு. கறுப்பைப் பிடிக்கப் பொம்பிளைப் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. நான் பிடித்தது பச்சை. நூலக இலக்கம் எழுதிய கடதாசித் துண்டைத் தலைப்பின் மேலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். கீழே ஒரு சின்ன ஆட்டின் படம் மட்டும் மிச்சம். அந்த ஆட்டுக்கு ஒரு கொம்புதான் இருந்தது.

அடுத்த நாள் நான் சொன்ன கதையில், அந்த ஆடு காலி வீதியில் பஸ் ஏறியது. இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டர் பெல் அடிக்கவில்லை. ஆடு அவரை முட்டியது. கொம்பு பஸ் கம்பியில் மாட்டி முறிந்தது. பஸ் கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை ஆடும் கண்டக்டரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள், ஆடு தமிழில், கண்டக்டர் சிங்களத்தில். இரண்டு குரலிலும் பேசிக் காட்டினேன். பக்கத்து வகுப்பில் இருந்து ஆள் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னது. அந்த வயதில் அதற்குமேல் ஒரு வெற்றி இருக்கிறதா?

புது மிஸ் தன்னுடைய கதிரையை வகுப்பின் நடுவில் இழுத்துப் போட்டார்.

"இப்ப நீங்க ஆடு. இந்தக் கதிரையில இருங்க. மற்றவங்க கேள்வி கேட்கலாம். நீங்க ஆடாவே பதில் சொல்லணும்."

முதல் கேள்விகள் எல்லாம் இலகு. ஆட்டுக்கு டிக்கட் எடுத்தாயா, புழுக்கை எங்கே போட்டாய். நான் சிங்கம் மாதிரி இருந்தேன், ஆடாக இருந்தாலும். அப்போது கடைசி வரிசைப் பின் வாங்கில் இருந்து லொட்ஜ் பொடியன் எழும்பினான்.

இவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தவணைதான் சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்தவன். அப்போது எங்கள் ஒழுங்கைகளில் லொட்ஜ் நிறைய இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், பொலிஸ் பதிவு, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் ஃபோனுக்காகக் காத்திருப்பு. ஃபோன் வந்தால் அன்றைக்கே வெளிக்கிட வேண்டும், அநேகமாகக் கனடாவுக்கு. அவனுடைய வீட்டில் சூட்கேஸை பெல்ட்டால் கட்டியே வைத்திருந்தார்கள். உடுப்பு வேண்டுமென்றால் பெல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, திரும்பவும் கட்டி வைப்பார்கள். வகுப்பிலும் அவன் புத்தகப் பையைத் தோளில் இருந்து கழற்றமாட்டான். இதுவரை வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

"லொறியில ஏத்தினாப் பிறகு உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டான்.

"எந்த லொறி?"

"வாழைக்குலை லொறி. நீ பாலத்தில குதிச்சனியெல்லோ. மழை. பாலத்துக்குக் கீழ போய் நிண்டனி. அதுக்குப் பிறகு?"

வகுப்பு அவனைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அவன் அந்தப் புத்தகத்தை உண்மையாகவே வாசித்திருக்கிறான்! நாங்கள் எல்லோரும் இல்லாத வீட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்க, அந்த வீட்டில் இருந்தே ஓர் ஆள் வந்துவிட்டது. எனக்கு வியர்த்தது. ஆட்டுக்கு வியர்க்குமா என்று யோசித்தேன். கடைசியில், "மே" என்றேன். வகுப்பு உருண்டு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

இன்டர்வெல்லில் நான் மதிலில் ஏறி உட்கார்ந்து மீன் அடைத்த மாலுபாண் தின்றுகொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் நின்றான்.

"நீ வாசிக்கேல்ல, என்ன?"

"இல்லையடா. முதுகுதான் பாத்தனான். நீ எங்க வாசிச்சனி?"

"வீட்டில. என்ர புத்தகத்துக்கு மட்டை இல்லை. முதல் பக்கத்தில இந்த ஆடு இருக்கும். இதே ஆடு, இதே கொம்பு."

மாலுபாணில் பாதியைக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கதையைச் சொன்னான். ஆடு தன் வீட்டு வேலிக்கு வெளியே குழை தின்னப் போகிறது. வாழைக்குலை ஏற்றுகிறவர்கள் அதையும் சேர்த்து லொறியில் ஏற்றிவிடுகிறார்கள். லொறி எங்கேயோ தூரத்துக்குப் போகிறது. ஒரு பாலத்தில் லொறி மெதுவாகப் போகும்போது ஆடு குதிக்கிறது, கொம்பு முறிகிறது. மழை பெய்கிறது. எந்தப் பக்கம் வீடு என்று அதற்குத் தெரியவில்லை. பாலத்துக்குக் கீழே போய் நிற்கிறது.

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு நாங்கள் வெளிக்கிட்டிட்டம்."

"புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கலாமே!"

"ரெண்டு மூண்டு நாளில திரும்பி வந்திடலாம் எண்டு அப்பா சொன்னவர். அதால கட்டில்ல அப்பிடியே கவிட்டு வச்சிட்டு வந்தனான். பக்கம் மாறிடும் எண்டு."

இதைச் சொல்லிவிட்டுத்தான் மாலுபாணைக் கடித்தான்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அன்று தொடக்கம் ஒவ்வொரு இன்டர்வெல்லிலும் அவனுக்கு ஒரு முடிவு சொன்னேன். ஆடு கோச்சி ஏறிப் போனது. ஆட்டை ஒரு மந்திரி வளர்த்தார். பாலத்துக்குக் கீழே இன்னொரு ஆடு இருந்தது, பெண் ஆடு. அவன் பொறுமையாகக் கேட்பான். கேட்டு முடித்ததும் தலையை ஆட்டுவான்.

"இல்லை. அது அப்பிடிச் செய்யாது."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவனுக்குத் தேவைப்பட்டது என் முடிவல்ல, அந்தப் பச்சைப் புத்தகத்தின் மிச்சப் பாதி. அது மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருந்தது. திறப்பு அலுமாரி மிஸ்ஸின் இடுப்பில். லொட்ஜில் எந்த நேரமும் ஃபோன் அடிக்கலாம். காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பின் வாங்கைப் பார்ப்பேன். அவன் இருக்கிறானா என்று பார்த்த பிறகுதான் பகிடி வாயில் வரும்.

புது மிஸ் இன்னுமொரு முறை போய்க் கேட்டார். ஒரேயொரு புத்தகம், ஒரேயொரு நாள், தன் பொறுப்பு என்றார்.

"நீங்கள் ரெண்டு மாசத்தில போயிடுவியள் மிஸ்," என்றார் அலுமாரி மிஸ். "பொறுப்பு இஞ்சதான் இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அப்போது அது எங்கள் காதில் விழவில்லை. எங்களுக்கு அவர் பூதம், திறப்பு புதையல். அவர் முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகம் காணாமல் போய், அதற்கு வருடக்கணக்கில் விளக்கம் எழுதி எழுதிக் கொடுத்தவர் என்று நான் கேள்விப்பட்டது மீசை முளைத்த பிறகு. அந்த விளக்கங்களையெல்லாம் சேர்த்தால் தொலைந்த புத்தகத்தை விடத் தடிப்பாக வந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் காலைக் கூட்டத்தில் அதிபர் அறிவித்தார். சேர்வேக்காரர் வருகிறார்கள்.

புது மிஸ்ஸின் முகத்தில் அன்றைக்குத்தான் களைப்பில்லாமல் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். வருடத்தில் அந்த ஒரு நாளில்தான் அலுமாரி திறக்கும், புத்தகங்கள் வெளியே வரும். படிக்கட்டுக்குக் கீழே இருந்து மண்டபத்துக்கு அவற்றைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வேண்டும். என் வகுப்பைத் தருகிறேன் என்று அவர் அலுமாரி மிஸ்ஸிடம் சொன்னார். அலுமாரி மிஸ்ஸுக்கும் முதுகு வலி. சம்மதித்துவிட்டார்.

வகுப்புக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு மிஸ் திட்டத்தைச் சொன்னார்.

"ஆளுக்கொரு புத்தகம். லைனில நிப்பீங்க. அவங்க நம்பரைக் கூப்பிட்டா அந்த நம்பர் வச்சிருக்கிற ஆள் போய் மேசையில குடுக்கணும். கூப்பிடும்வரைக்கும் புத்தகம் உங்கட கையில. நிண்டுகொண்டு வாசிக்கக் கூடாது எண்டு எங்கயும் சட்டமில்ல." பிறகு என்னைப் பார்த்தார். "அண்டைக்கு நீங்க எவ்வளவு பகிடி விட்டாலும் நான் ஏசமாட்டன். விளங்கிச்சா?"

விளங்கியது. எண்ணுகிறவர்களைத் தாமதப்படுத்துவது என் வேலை. பச்சைப் புத்தகம் லொட்ஜ் பொடியனின் வேலை.

"எவ்வளவு நேரம் வேணும்?" என்று இன்டர்வெல்லில் அவனிடம் கேட்டேன்.

"மிச்சம் பாதி இருக்கு. நான் கெதியா வாசிப்பன்."

"நேரம் காணாட்டி என்னைப் பார். நான் மயங்கி விழுவன்."

"உனக்கு விழத் தெரியுமோ?"

"பழகுவன்."

அன்று பின்னேரம் வீட்டில் கட்டில் பக்கமாக விழுந்து பழகினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, பூச்சிக் குளிசை தந்தார்.

சேர்வே நாள். அலுமாரி திறந்தபோது வந்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பூச்சி உருண்டையும், பழைய பசையும், பூட்டி வைத்த காற்றும் கலந்த வாசம். மண்டபத்தில் ஒரு நீள மேசை. அதற்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் தொந்தி பெருத்த சிங்கள ஐயா, எல்லாப் பிள்ளைகளையும் 'மல்லி', அதாவது தம்பி, என்பார். மற்றவர் ஒல்லியான தமிழ் கிளாக்கர், சிரிக்கத் தெரியாதவர். பக்கத்தில் அலுமாரி மிஸ், பரீட்சை எழுத வந்த பிள்ளைபோலக் கையைப் பிசைந்துகொண்டு.

நாங்கள் சுவரோரமாக நம்பர் ஒழுங்கில் வரிசையாக நின்றோம். லொட்ஜ் பொடியன் கடைசியில். மிஸ் 'தொடங்குங்க' என்று கண்ணால் சொன்னார்.

நான் வகுப்பறைகளில் பல அமைதிகளைப் பார்த்திருக்கிறேன். அடிக்குப் பயந்த அமைதி, பரீட்சை அமைதி, யாரோ குசு விட்ட பிறகு வரும் அமைதி. இது வேறு. மேலே காற்றாடி கிறீச்சிட்டது, கீழே பக்கங்கள் புரண்டன. ஒருநாளும் ஒழுங்காக நிற்காத பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்தபடி, வாய் மெல்ல அசைய, அப்படியே நின்றார்கள். கறுப்புப் புத்தகத்துக்காகச் சண்டை பிடித்த பிள்ளை வாசித்து வாசித்துக் கண்ணைத் துடைத்தது. அதிபர் அந்தப் பக்கம் வந்தார். எங்களைப் பார்த்து நின்றார்.

"என்ன மிஸ், பனிஷ்மென்ற்றா?"

"ஓம் சேர்," என்றார் புது மிஸ்.

"நல்லது. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்," என்றுவிட்டுப் போனார்.

கிளாக்கர் ஆள் மின்னல். நம்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். நான் என் வேலையைத் தொடங்கினேன். என் நம்பர் வந்தபோது கேட்காதது போல நின்றேன். பிறகு ஓடிப்போய்ப் புத்தகத்தை மேசைக்குக் கீழே விழுத்தினேன். அதைத் தேடிக் கீழே போய், ஐயாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குடியிருந்தேன். மேலே வந்து, "ஐயா, ஒருக்கால் நம்பரைச் சரிபாருங்கோ, ஆறு போலவும் இருக்கு, ஒன்பது போலவும் இருக்கு" என்றேன். ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். கிளாக்கர் என்னைப் பார்க்கவே இல்லை. வரிசை உருகிக்கொண்டு வந்தது.

லொட்ஜ் பொடியன் பாலத்தைத் தேடிப் பிடித்துவிட்டான் என்று அவனுடைய தோளைப் பார்த்தே தெரிந்தது. தோளில் இருந்த பை எப்போதோ நிலத்துக்கு வந்திருந்தது. அதை அவன் கழற்றி வைத்ததை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கம் திருப்பினான். இன்னொரு பக்கம் திருப்பினான். அவனுக்கு முன்னால் சில பேர்தான் மிச்சம். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் பழகியதெல்லாம் மறந்துபோனது. எந்தப் பக்கம் விழுவது, கையை எங்கே வைப்பது, முதலில் கண்ணை மூடுவதா, விழுந்த பிறகு மூடுவதா? உண்மையாகவே தலை சுற்றியது. நடிக்கப் போய் நிசமாக மயங்குகிறேனோ என்ற பயத்தில் விழுந்தேன். வாங்கு மூலை நெற்றியில் பட்டது. 'ணங்' என்ற சத்தம் மட்டும் நான் பழகாதது.

"பவ் நே!" என்று சிங்களத்தில் பாவப்பட்டபடி தொந்தி ஐயா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "வத்துர டிக்கக் தென்ன, வத்துர!"

தண்ணி எடுக்க யாரோ ஓடினார்கள். ஆனால் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவர் அலுமாரி மிஸ். நிலத்தில் சப்பணமிட்டு இருந்து, என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சேலையில் பவுடர் வாசம். இடுப்பில் இருந்த திறப்பு என் காதில் குத்தியது. அவ்வளவு நாள் எங்களுக்குக் கிடைக்காத திறப்பு, காதுக்குள்ளேயே வந்துவிட்டது.

"என்ர ராசா, காலமை சாப்பிட்டனியோ? கண்ணைத் திற பாப்பம்." பிறகு நிமிர்ந்து, நான் ஒருநாளும் கேட்டிராத குரலில் கத்தினார். "காணும்! சின்னப் பிள்ளையளை இப்பிடி நிப்பாட்டி வச்சுச் சாகடிக்கிறதே? எல்லாரும் புத்தகத்தை மேசையில வச்சிட்டுப் போய் இருங்கோ. நாங்களே பாத்துக்கொள்ளுறம்."

புது மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கோச்சி வந்தது. எனக்கு வேண்டிய நேரத்தில் வராத கோச்சி. அவருடைய வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நான் மடியில் மல்லாந்து கிடந்தபடி எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்த்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேசைக்குப் போய்ப் புத்தகத்தை வைத்தார்கள். கடைசியாக லொட்ஜ் பொடியனும் வைத்தான். அதற்குள் ஒரு விரலை வைத்திருந்தான். கிளாக்கர் புத்தகத்தை இழுத்தார். விரல் வெளியே வந்தது.

வராந்தாவில் நெற்றியில் ஈரக் கைலேஞ்சியோடு என்னை இருத்தியிருந்தார்கள். அவன் வந்து பக்கத்தில் இருந்தான். புடைப்பைத் தொட்டுப் பார்த்தான்.

"நோகுதோ?"

"விடு. முடிச்சிட்டியோ?"

"ஓம்."

"ஆடு?"

"வீட்ட போட்டுது."

"எப்பிடியடா?"

"நடந்து."

"கொம்பு?"

"கொம்பு அப்பிடியேதான்."

எனக்குப் பெரிய சந்தோஷம். புடைப்பைப் பதக்கம்போலத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் பின் வாங்கு வெறுமையாக இருந்தது. அவன் சொல்லிக்கொண்டு போகவில்லை. அந்த நாட்களில் யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை. சொன்னால் பயணம் சரிவராது என்று பயம். தமிழ் மிஸ் பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தார். புது மிஸ்ஸும் ஹெந்தளைப் பஸ்ஸோடு போய்விட்டார். அலுமாரி திரும்பவும் தலை சீவும் கண்ணாடியானது. பிறகு பள்ளிக்கூடத்தை இடித்துக் கட்டினார்கள். அலுமாரி எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லை. பச்சைப் புத்தகத்தின் மட்டையில் தலைப்பு இருந்திருக்கும்தான். நான் பார்க்கவில்லை. எனக்கு மயங்கி விழுகிற வேலை இருந்தது.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். மகளின் பள்ளிக்கூடமும் கரையோரம்தான், இரண்டு ஒழுங்கை தள்ளி. ஒற்றைக் கொம்போடு உட்கார்ந்து கதையைச் சொன்னேன். லொறி, பாலம், மழை எல்லாம் வந்தது. ஏன் ஒரு கொம்பு, புல் தின்பீர்களா, சம்சா தின்பீர்களா என்ற கேள்விகளும் வந்தன. மகள் வெட்கத்தில் மேசைக்குக் கீழே குனிந்திருந்தாள். ஒரு மூலையில் இருந்த சிறுமி கையைத் தூக்கினாள்.

"ஆடு அங்கிள், நீங்க பிறகு வீட்ட போனீங்களா?"

வாயைத் திறந்தேன். கோச்சி வந்தது.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருமுறை சரியான நேரத்துக்கு வந்தது. நான் வாயைத் திறந்தபடியே, அந்தக் காலத்து டீச்சர்மாரைப்போல, சிலையாக இருந்தேன். அந்த இரைச்சலுக்குள் தலைகீழாக ஒரு மேசை தெரிந்தது. ஒரு பச்சைப் புத்தகம், அதற்குள் ஒரு விரல். விரலுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பக்கம் மிச்சம் இருந்தது! அவன் பாதியைத் தாண்டி ஒரு சில தாள்தான் போயிருந்தான். அவன் முடிக்கவில்லை. ஆடு வீட்டுக்குப் போனதா என்று அவனுக்கும் தெரியாது. புடைத்த நெற்றியோடு, ஈரக் கைலேஞ்சியோடு, பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு முட்டாளைப் பார்த்திருக்கிறான். நான் சொன்ன அத்தனை முடிவுகளையும் வேண்டாம் என்றவன், அன்றைக்கு எனக்காக ஒரு முடிவைச் செய்து தந்திருக்கிறான். அதுவும் அந்த ஆடு செய்யக்கூடிய முடிவை.

பார்த்தது கண், அப்போதே. விளங்க இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. நம் வயதில் எல்லாமே பிந்தித்தான் வருகிறது.

கோச்சி போய்விட்டது. பிள்ளைகள் இன்னும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டன்," என்றேன்.

"எப்படிப் போனீங்க?"

"நடந்து."

அந்தச் சிறுமி யோசித்தாள்.

"தூரமா?"

"ஓம் மகள்," என்றேன். "நல்ல தூரம்."